தமிழினி கேட்ட மன்னிப்பு

மே மாதம் வந்தால் தயாளன் சொந்தபந்தத்தையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய் மூன்று நாள் தங்கிவிட்டு வருவார். போன இடத்தில் கீதா சமைப்பாள். இந்த இரண்டும் எந்த வருடம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஏலகிரியில் வாடகைக்கு எடுத்த பங்களாவின் பின்கட்டில் சமைத்திருக்கிறாள். ஏற்காட்டில் மழை ஒழுகிய தகரக் கொட்டகையில் சமைத்திருக்கிறாள். ஒகேனக்கல்லில் ஒரு தடவை ஆற்றோரம் கல்லைக் கூட்டி மீன் குழம்பே வைத்தாள். "கீதா கைப்பக்குவம் எந்த ஓட்டல்ல வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

தயாளன், கீதாவின் கணவன் சிட்டிபாபுவுக்கு அண்ணன். முடிச்சூரில் அவர்கள் அப்பா உழுத நிலம் மனைகளாகப் பிரிந்தபோது, பெரியவர் விற்றும் வாங்கியும் வளர்ந்தார். சின்னவன் அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வளர்ந்தான். இப்போது மெயின் ரோட்டில் இருக்கும் சிமெண்ட், கம்பிக் கடை அண்ணனுடையது. கல்லாவில் உட்காருவது தம்பி. தம்பி குடியிருக்கும் வீடும் அண்ணன் பேரில்தான். "எங்க அண்ணன் எனக்கு இன்னா கொறை வெச்சாரு?" என்று சிட்டிபாபு கேட்பான். உண்மைதான், எந்தக் குறையும் வைக்கவில்லை. குறை சொல்ல இடமே இல்லாமல் ஒருவருக்குக் கீழே வாழ்வது எப்படி இருக்கும் என்பதைக் கீதா அவனுக்கு எடுத்துச் சொல்ல முயன்றதும் இல்லை.

இந்த வருடப் பயணம் தயாளனின் மகள் மிருதுளாவுக்காக. அவள் மஸ்கட்டில் இருக்கிறாள். நான்கு வயது மகன் முகிலனோடு லீவுக்கு வந்திருந்தாள். போன வருடம் அவள் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் தாத்தா வீட்டு ஊஞ்சலிலிருந்து பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டதில், "குழந்தைய பாத்துக்கத் தெரியாத வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும்" என்று மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார். தயாளன் போனிலேயே கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த வருடம் அனுப்பி வைத்திருந்தார்.

"இந்த வாட்டி மலையெல்லாம் வாணாம். வளைவுல வண்டி திரும்புனா புள்ள வாந்தி எடுக்கும்" என்றார் தயாளன். "படப்பை தாண்டி ஒரு பண்ணை வூடு சொல்லி வெச்சிக்கீறேன். ஸ்விம்மிங் பூல் கீது, மாமரம் கீது. புள்ளைக்கு வேற இன்னா வேணும்?"

கீதாவின் மகள் தமிழினிக்கும் அது பிடித்திருந்தது. பத்தாம் வகுப்புக்குப் போகிற பெண். தண்ணீரைப் பார்த்தால் போதும் அவளுக்கு. நீந்தத் தெரியாது. கால் நனைக்கக் கொஞ்சம் இடமிருந்தால் அரை நாள் உட்கார்ந்திருப்பாள். முகிலன் அவளைச் 'சித்தி' என்று கூப்பிட்டதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் அவனுக்குச் சோறு ஊட்டினாள், அவன் உதறிய செருப்பைத் தேடி எடுத்துப் போட்டாள், வேனில் அவன் தூங்கி விழுந்தபோது மடியில் தாங்கிக்கொண்டாள்.

பண்ணை வீடு நன்றாகத்தான் இருந்தது. நான்கு ஏசி அறைகள். முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. அதைத் தாண்டி, அடியில் மீன் படம் வரைந்த, நீலக் கல் பதித்த குளம். ஒரு பக்கம் முழங்கால் ஆழத்தில் தொடங்கி, மறுபக்கம் போகப் போக ஆளை முழுங்கும் ஆழம். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே குளம். முதல் நாள் முழுதும் கீதா அந்த ஜன்னல் வழியாகத்தான் விடுமுறையைப் பார்த்தாள். காலையில் பொங்கல், மதியம் மட்டன் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி. நடுவில் தயாளனின் தங்கை சரோஜினி ஒரு தடவை எட்டிப்பார்த்து, "இன்னாடி கீதா, நீயும் வந்து தண்ணில எறங்கலாம்ல" என்றாள். பதிலுக்கு நிற்காமல், "எனக்கு மட்டும் சக்கரை கம்மியா ஒரு டீ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் வீடு அடங்கியது. மிருதுளாவும் அவள் அம்மா தையல்நாயகியும் அறைக்குள் படுத்துவிட்டார்கள். சரோஜினியின் கணவரும் பிள்ளைகளும் ஐஸும் மீனும் வாங்க ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போயிருந்தார்கள். சிட்டிபாபு மாமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். சரோஜினி குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கீதா மசால் வடைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். பக்கத்தில் தமிழினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்வதற்கு முன்பே முகிலன் தண்ணீர் கேட்டு அடம்பிடித்திருக்க வேண்டும். தயாளன் அவனை மஞ்சள் வாத்து டியூபில் உட்கார வைத்துக் குளத்தில் இறக்கித் தள்ளிக்கொண்டிருந்ததைக் கீதா பார்த்தாள். தாத்தாவும் பேரனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கரையில் வைத்திருந்த போன் அடித்தது. தயாளன் ஏறி வந்து எடுத்தார். பேசிக்கொண்டே மரத்துப் பக்கம் நடந்தார். நாத்தனார் சரோஜினி அங்கேதானே இருக்கிறாள் என்று கீதா நினைத்தாள். எண்ணெய் காய்ந்திருந்தது. வடையைத் தட்டிப் போடத் திரும்பினாள்.

முதல் ஈடு வடை இன்னும் சிவக்கவில்லை. தமிழினி ஜன்னலருகே எழுந்து நின்றாள்.

"அம்மா, வாத்து மட்டும்தான்மா இருக்கு."

கீதாவுக்கு அது புரிவதற்குள் மகள் வாசலைத் தாண்டியிருந்தாள். கீதா ஜல்லிக் கரண்டியோடு பின்னால் ஓடினாள். புல்தரையில் ஓடும்போது முன்னால் தமிழினியின் ஜடை ஆடியது தெரிந்தது. அடுத்து ஒரு தண்ணீர்ச் சத்தம். ஜடையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆழமான பக்கத்தில்தான் குதித்திருந்தாள்.

கீதா கரைக்கு வந்தபோது குளத்தின் நடுவில் வாத்து நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு சின்னத் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. அதற்குக் கீழே இரண்டு கைகள் மட்டும். அவை பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்தன. கீதா தரையில் குப்புற விழுந்து பிள்ளையின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடம்பு துணி மாதிரித் துவண்டது. அவள் அவனை மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஒரு இருமல். பிறகு அழுகை. அத்தனை வருடங்களில் ஒரு பிள்ளையின் அழுகைக்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினாள். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். மிருதுளா பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள்.

அப்போதுதான் கீதா திரும்பிப் பார்த்தாள். குளத்தின் இரும்பு ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி தமிழினி பாதி உடம்பு வெளியே கிடந்தாள். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. எப்படி அங்கே வந்து சேர்ந்தாளோ, சுவரைத் தடவித்தான் வந்திருக்க வேண்டும்.

"யாரு பாத்துட்டு இருந்தீங்க?" மிருதுளாவின் குரல் உடைந்திருந்தது. "சொல்லுங்க, யாரு கூட இருந்தான்?"

தயாளன் மரத்துப் பக்கமிருந்து வந்தார். கையில் போன் இருந்தது. எதற்கும் அசையாத மனிதர், நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஐயோ பாவம் என்றுகூடக் கீதாவுக்குத் தோன்றியது. அந்த நிமிடத்தில் அவர் வாயைத் திறந்தார்.

"தமிழு கைல சொல்லிட்டுதானமா போனேன். பாத்துக்கோடின்னு சொல்லிட்டுதான போனேன்."

தமிழினி அதற்குள் எழுந்து வந்திருந்தாள். சுடிதாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. பற்கள் தந்தியடித்தன. "என்கிட்டயா? இல்ல பெரியப்பா. நான் உள்ள அம்மா கூட இருந்தேன்."

மிருதுளா பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் அவள் கன்னத்தில் அறைந்தாள். ஈரக் கன்னத்தில் விழுந்த அடி. அந்தச் சத்தத்தில் முகிலன்கூட அழுகையை நிறுத்தினான்.

"மிருதுளா, கையை நீட்டாத" என்றாள் கீதா. "மாமா, அவ என்கூட வெங்காயம் உரிச்சிகினு இருந்தா. நீங்க போன எடுத்துகினு போனத நானே ஜன்னல் வழியா பாத்தேன். அவதான் உள்ள குதிச்சி புள்ளைய..."

"நீ எண்ணெயப் பாத்தியா, ஜன்னலப் பாத்தியா?" சரோஜினி குறுக்கே விழுந்தாள். "நான் இங்கதான குந்திகினு இருந்தேன். அண்ணன் தமிழு பேரச் சொல்லிக் கூப்ட்டது என் காதுல வுழுந்திச்சி."

அவள் காதில் அப்போதும் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

கீதா கணவனைப் பார்த்தாள். சிட்டிபாபு அண்ணனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "கீதா, நீ சும்மா இரு" என்றான். "புள்ள பொழச்சிதே, அத்த பாரு. தமிழு, உள்ள போ."

வேன் தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தண்ணீர் குடித்த இன்னொரு பெண் இருக்கிறாள், அவளையும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கீதாவுக்குத் தோன்றியது, வேன் கேட்டைத் தாண்டிய பிறகு.

சமையல்கட்டில் வடை கரிக்கட்டையாகி, வீடெல்லாம் புகை நிறைந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மகளுக்கு உடை மாற்றி, தலையைத் துவட்டினாள். தமிழினி குனிந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல்தடம் லேசாகத் தெரிந்தது.

"நெஞ்சு வலிக்குதாடி?"

"மூக்குதான் எரியுது." துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள். "அவன மேல தள்ளி விட்டதும் நான் கீழ போய்ட்டேன்மா. நீ கையக் குடுப்பேன்னு நெனச்சேன். ஏன்மா அவனத் தூக்கிட்டுப் போய்ட்ட?"

கீதாவின் கை துண்டோடு நின்றது. பிள்ளை மூச்சில்லாமல் இருந்தான் என்று சொல்லலாம். நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையில்லை, அவள் நினைக்கவே இல்லை. மடியில் கிடந்தது தயாளன் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஏதாவது ஆனால் என்ற பயத்தில், தண்ணீருக்குள் ஒருத்தி இருப்பது அவள் நினைவை விட்டே போய்விட்டது. அவள் மறுபடி துவட்டினாள். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வேன் திரும்பியது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சில் நீர் இல்லை, நல்ல நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் எடுத்தது என்று டாக்டர் கேட்டாரோ என்னவோ. முகிலன் பிஸ்கட் தின்றுகொண்டே இறங்கினான்.

தையல்நாயகி நேராகச் சமையல்கட்டுக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அவள் கெட்டவள் இல்லை. கீதாவுக்குத் தாய் வீடு என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாத நிலையில், தமிழினி பிறந்தபோது பத்தியச் சமையல் செய்து போட்டவள். ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவள்.

"கீதா, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவரு யார்கிட்டயும் சொல்லிட்டுப் போவல. போன் வந்தா அவருக்கு உலகமே தெரியாது. முப்பது வருசமா குடும்பம் நடத்துறேன், எனக்கா தெரியாது?"

"அப்பறம் இன்னாக்கா?"

"மாப்ளைக்கு விசயம் போய்ட்ச்சி. ஆஸ்பத்திரில இருந்தே மிருதுளா அழுதுகினே சொல்லிட்டா. இப்ப வீடியோ கால்ல வரேன்னுக்கீறாரு." தையல்நாயகி புடவைத் தலைப்பை முறுக்கினாள். "தாத்தாவே தண்ணில வுட்டுட்டுப் போய்ட்டாருன்னு தெரிஞ்சா, இனிமே அவள இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க வுடுவாரா? ஊஞ்சல்ல வுழுந்ததுக்கே என் பொண்ணு மூஞ்சிய ரெண்டு வருசம் பாக்கல நான். தமிழுனா சின்னப் பொண்ணு. யாரும் மனசுல வெச்சிக்க மாட்டாங்க. ஒரே ஒரு சாரி சொல்லிட சொல்லு. ரெண்டு நாள்ல மறந்துடும்."

"யாருக்கு மறக்கும்க்கா?"

தையல்நாயகி கீதாவின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் போனாள். அந்தக் கை சூடாக இருந்தது. உதற முடியாத கை அது.

அடுத்து சிட்டிபாபு வந்தான். வந்தவன் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி சொன்னாங்களா?"

"சொன்னாங்க. முடியாதுன்னு நீங்க போய் சொல்லுங்க."

அவன் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தான். "நானும் பாத்தேன் கீதா. அண்ணன் என் கட்டிலத் தாண்டிதான் பேசிகினே போச்சி. புள்ளய யாராச்சும் வெச்சிகினு இருப்பாங்கன்னு கண்ண மூடிட்டேன்."

கீதாவுக்குச் சட்டென்று கோபம்கூட வரவில்லை. அவளும் அதையேதான் நினைத்தாள், அந்த ஜன்னலில் நின்று. "சரி. நம்ம பொண்ண அவ அறைஞ்சப்ப இத சொல்லியிருக்கலாம்ல?"

"அண்ணன் ஒண்ணு சொன்னப்பறம், இல்லன்னு நான் எப்டி சொல்றது?"

"வாயாலதான்."

"கட, வூடு எல்லாம் உனக்குத் தெரியாததா? அதக்கூட வுடு. அவரு பயந்து நான் பாத்ததே இல்லடி. ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிகினு அழுதாரு. எங்க அப்பா செத்தப்பகூட அழாதவரு." அவன் குரல் இறங்கியது. "ஒரு வார்த்த. நம்ம புள்ளைய நாம சமாதானப்படுத்திக்கலாம்."

"எங்க வந்து சொல்லணும்?"

தமிழினி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அப்பா தானும் பார்த்ததாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தில் அழுகை இல்லை.

"நீ சொல்ல வேணாம்டி" என்றாள் கீதா.

"பரவால்லமா. சொல்லிட்டு வந்து படுத்துக்கறேன்."

கீதா அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கதவு இரண்டே எட்டில் இருந்தது. சிட்டிபாபு ஆசுவாசமாக மூச்சு விட்டதைக் கேட்டாள். தானும் ஒரு மூச்சு விட்டதை அதற்கப்புறம்தான் உணர்ந்தாள்.

கூடத்தில் எல்லாரும் சோபாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மிருதுளா போனை நீட்டினாள். தமிழினி வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மாமா, சாரி. பெரியப்பா என்னதான் பாத்துக்க சொன்னாரு. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

போனில் மாப்பிள்ளையின் குரல் நிதானமாக வந்தது. "இட்ஸ் ஓகே. நீ சின்னப் பொண்ணு, உன்ன சொல்லி என்ன. பட் ஒரு குழந்தையோட லைஃப், புரியுதா? இனிமே இந்த மாதிரி பொறுப்பில்லாம இருக்காத."

"சரி மாமா."

தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். போன் அணைந்ததும் வந்து தமிழினியின் தலையில் கை வைத்து, "நல்ல புள்ள" என்றார். அவள் அசையாமல் நின்றாள், கை எடுக்கப்படும் வரை.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பினார்கள். கிளம்பும் முன் கீதா எல்லாருக்கும் உப்புமா கிண்டினாள்.

ஜூனில் சரோஜினி தன் காட்டாங்குளத்தூர் வீட்டுக்கு மேலே காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விட ஒரு மாடி எழுப்பிப் புதுமனை புகுவிழா வைத்தாள். சொந்தம் முழுதும் வந்திருந்தது. மிருதுளா மறுநாள் மஸ்கட்டுக்குத் திரும்ப இருந்தாள். பந்தியில் கீதா சாம்பார் வாளியோடு வரும்போது, தயாளன் செங்கல்பட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பொண்ண நம்பி வுட்டது என் தப்புதான். ஆனா போன்ல பேசிகினே ஒரு கண்ண அங்கதான் வெச்சிருந்தேன். சட்னு பாத்தா வாத்து மட்டும் மெதக்குது. போன வீசிட்டுக் குதிச்சேன் பாரு."

"கடவுள் புண்ணியம்" என்றார் செங்கல்பட்டுக்காரர்.

தயாளன் நிமிர்ந்து கீதாவைப் பார்த்தார். கண் தடுமாறவில்லை. "கீதா, இங்க சாருக்கு சாம்பார் வை" என்றார். கீதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மாதம் திரும்பத் திரும்பச் சொன்னதில் மனிதர் அதை நம்பிவிட்டார். இனி அவரிடம் போய் எதைக் கேட்டாலும் அவருக்கு அது புதிதாகத்தான் இருக்கும்.

அவள் வாளியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மிருதுளா ஒரு அறையில் பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மிருதுளா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு தமிழு..."

"தெரியும் சித்தி." மிருதுளா தலை நிமிரவில்லை. "அன்னிக்கு படுக்கும்போதே முகிலன் சொல்லிட்டான். தாத்தா போன் பேசப் போனாரு, நான் எட்டி மீன் பாத்தேன், வாத்து கவுந்துடுச்சி, தமிழு சித்தி தூக்குனாங்கன்னு."

"ஒரு மாசமா தெரியுமா?"

"நான் என்ன சித்தி பண்றது? அவர்கிட்ட எங்க அப்பாதான்னு சொன்னா, அதோட நான் இந்த ஊரையே மறந்துட வேண்டியதுதான். உங்களுக்கு அவரத் தெரியாது." துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "தமிழுகிட்ட பேசணும்னுதான் இருந்தேன். ஷாப்பிங், கோயில்னு டைமே கிடைக்கல. அவளுக்கு நல்லதா ஒரு சுடிதார் எடுத்து வெச்சிருக்கேன். இந்தாங்க."

கவரை நீட்டினாள். கீதா வாங்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தடவிப் பார்த்தாள். உயர்ந்த துணிதான். பக்கத்து நாற்காலியில் அதை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மிருதுளா பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

வாசல் பந்தலில் முகிலன் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமிழினியைப் பார்த்ததும், "சித்தி" என்று கூவிக்கொண்டு ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். தமிழினி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டாள். சேறு பட்டுவிடக் கூடாது என்பது போல. குழந்தை மேல் ஒரு விரல்கூடப் படாமல் அப்படியே இருந்தாள்.

"பெரியம்மா, இவன யாராச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "என்கிட்ட விடாதீங்க."

முகிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தை நிமிர்த்திப் பார்த்தான். பிறகு உதடு பிதுங்கியது. தையல்நாயகி வந்து அவனைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"பாருடி இந்தப் பொண்ணுக்குக் கீற திமிர" என்று சரோஜினி யாரிடமோ சொன்னாள். "பச்சப் புள்ள ஆசையா ஓடியாறான். அதுக்கும் மூஞ்சக் காட்டுது."

கீதா மகளைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். தாம்பரம் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த தமிழினியிடம், "மிருதுளாக்கு எல்லாம் தெரியுமாம்டி" என்றாள்.

"ம்" என்றாள் தமிழினி. ஊரப்பாக்கம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த மே மாதம் தயாளன் ஏலகிரி என்றார். மிருதுளா மறுபடி வந்திருந்தாள். இந்த முறை மாப்பிள்ளையும். கீதா, தான் வரப்போவதில்லை என்று கணவனிடம் சொன்னாள். அண்ணன் என்ன நினைப்பார் என்று சிட்டிபாபு கேட்டான். யார் சமைப்பது என்று கேட்டான். கடைசியில், "அன்னிக்கு நடந்தத இன்னுமா மனசுல வெச்சிகினு கீற?" என்று கேட்டான். கீதா அவன் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். "பொண்ணுக்குப் பத்தாவது முடிஞ்சி இப்பதான் லீவு. நானும் அவளும் வூட்ல இருக்கோம்" என்றாள். அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு எதிராகச் சொல்லி, அதிலேயே நின்ற முதல் வார்த்தை அது. அதைச் சொல்லிவிட்டதில் பெரிய நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அம்மாவும் மகளும் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக்கிடந்தார்கள். பிற்பகலில் குடும்பக் குரூப்பில் படங்கள் வந்து விழுந்தன. ஏரி, படகு, குதிரை, மாப்பிள்ளையின் தோளில் முகிலன். தமிழினி அம்மாவின் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் நிறுத்தி விரலால் பெரிதாக்கினாள். எல்லாரும் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஓரத்தில், பாதி தலை படத்துக்கு வெளியே போயிருக்க, சிட்டிபாபு சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறான்.

"அப்பா எளச்சிட்டாரு" என்றாள் தமிழினி.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.